வலை வீசிய சிவனும் உப்பு வாரும் பெண்ணும்

1941-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வாட்டோங்கா என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்த் தபால் ஆபீஸ் வாசலில் ஷையென் பழங்குடி மக்கள் மறியலுக்கு வந்து நின்றார்கள். நிலம் கேட்டு வரவில்லை, கூலி கேட்டும் வரவில்லை. உள்ளே புதிதாகச் சுவரேறியிருந்த ஓவியம் தங்களைக் கேவலப்படுத்துகிறது என்பதுதான் புகார். எங்கள் தலைவர் ரோமன் நோஸை நவஹோ இனத்து ஆள் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள், படத்தில் உள்ள குழந்தையைப் பார்த்தால் பன்றிக்குட்டி போல இருக்கிறது என்று ரெட் பேர்ட் என்ற ஷையென் தலைவர் கொதித்தார்.

படம் வரைந்தவர் ஈடித் மேஹியர், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஓவிய ஆசிரியை. அவரிடம் பாடம் படித்த கையோவா பழங்குடி இளைஞர்களில் ஒருவர் ஸ்டீபன் மோபோப். இந்த மறியலுக்குச் சில ஆண்டுகள் முன்பே, அதே மாநிலத்தின் அனடார்கோ ஊர்த் தபால் ஆபீஸில் மோபோப் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து 16 ஓவியங்களை வரைந்து முடித்திருந்தார். தன் சனங்கள் கூடாரம் பெயர்த்துப் போவது, ஆடுவது, வேட்டையாடுவது என்று அவர் கண்ட வாழ்க்கை அது. 2019-ல் அமெரிக்க அஞ்சல் துறை தன்னுடைய சுவரோவியங்களுக்காக ஐந்து தபால்தலைகள் வெளியிட்டபோது அதில் ஒன்று மோபோப்பின் படம். டீச்சர் வரைந்தது மறியலில் மாட்டியது, மாணவர் வரைந்தது தபால்தலையில் ஏறியது.

ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூரைப் பற்றி எழுத உட்கார்ந்து வாட்டோங்காவில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் வரைந்த ஒரு படத்தைப் பார்த்து, எங்களை நீ எப்படி இப்படி வரையலாம் என்று ஊர் சண்டைக்கு வருகிறதென்றால், அந்தச் சுவரை ஊர் தன் சுவராக நினைக்கிறது என்று அர்த்தம். நம்மூர் அரசாங்கச் சுவர்களில் கழிப்பறை கட்டு, தடுப்பூசி போடு, மரம் நடு, மழைநீர் சேமி என்று படம் படமாக இருக்கிறது. யாராவது நின்று திட்டியிருக்கிறார்களா? பார்த்ததே இல்லை என்பதால் திட்டவும் இல்லை.

ஒரு சதவீதம்

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. அடுத்த நாலு வருடத்தில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஓவியர்களின் கதி இன்னும் மோசம்; சோற்றுக்கே வழியில்லாத ஊரில் படம் வாங்குவது யார்? 1933 மே மாதம் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர் தன் பள்ளித் தோழருக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளித் தோழர் வேறு யாருமில்லை, அப்போதுதான் ஜனாதிபதியாகியிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பக்கத்து மெக்சிகோவில் அரசாங்கம் குழாய் ரிப்பேர்க்காரருக்குக் கொடுக்கும் கூலியை ஓவியர்களுக்குக் கொடுத்து அரசுக் கட்டடங்களில் வரையவிட்டது, அதிலிருந்துதான் பெரிய சுவரோவிய மரபே பிறந்தது, நாமும் செய்யலாமே என்பது கடிதத்தின் சாரம்.

அதே வருடம் டிசம்பரில் ஒரு சோதனை முயற்சி தொடங்கி ஆறேழு மாதம் நடந்தது. பிறகு 1934 அக்டோபரில் கருவூலத் துறைக்குள் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. தலைவர் எட்வர்ட் புரூஸ். வக்கீலாகவும் வியாபாரியாகவும் இருந்து ஓவியத்துக்கு வந்தவர். புதிதாகக் கட்டும் அரசாங்கக் கட்டடத்தின் செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்தில் ஊர் ஊராக எழும்பிக்கொண்டிருந்த அரசாங்கக் கட்டடம் தபால் ஆபீஸ்தான். சின்ன ஊர்களில் வாஷிங்டனின் முகம் என்று சொல்ல வேறு கட்டடமே கிடையாது. 1943-ல் போர்ச் செலவால் பிரிவு மூடப்படும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்த் தபால் ஆபீஸ்களில் ஓவியமோ சிற்பமோ ஏறிவிட்டது.

இதை வேலையில்லாதோருக்கான நிவாரணத்தோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நிவாரணமாகக் கலைஞர்களுக்கு வாரக்கூலி கொடுத்த திட்டம் வேறு, அதற்கு நிர்வாகமும் வேறு. தபால் ஆபீஸ் ஓவியம் போட்டி வைத்துக் கொடுத்த வேலை. ஓவியர் தன் மாதிரிப் படத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பெயரை ஒரு உறையில் போட்டு ஒட்டி, படத்தோடு அனுப்ப வேண்டும். நடுவர்கள் படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உறையைக் கிழிப்பார்கள். பணமும் மூன்று தவணையாகத்தான் வரும்: மாதிரிப் படம் ஏற்கப்பட்டதும் கொஞ்சம், முழு அளவுக் கோட்டுப்படம் முடிந்ததும் கொஞ்சம், சுவரில் ஏற்றிய பிறகு மிச்சம். சின்ன தபால் ஆபீஸ் என்றால் மொத்தமே சில நூறு டாலர். வண்ணம், துணி, ரயில் செலவு எல்லாம் அதற்குள்தான்.

படம் வரும் இடமும் பெரும்பாலும் ஒன்றே: போஸ்ட் மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே உள்ள சுவர். தபால்தலை வாங்க வரிசையில் நிற்கிறவர் நிமிர்ந்தால் கண்ணில் படும். என்ன வரைவது என்பதற்கு மேலிடத்தின் யோசனை, ஊருக்குப் போ, போஸ்ட் மாஸ்டரைப் பார், நூலகத்தில் விசாரி, ஊர்ப் பெரியவர்களைக் கேள் என்பது. ஊரின் தொழில், ஊரின் பழங்கதை, தபால் வந்துசேர்ந்த வரலாறு ஆகியவைதான் வழக்கமான கருக்கள். அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஊரில் லோவல் ஹவுசர் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் மாயா காலத்து உழவனையும் மறுபக்கம் உள்ளூர் விவசாயியையும் நிறுத்தினார். சோளம் விளையும் ஊர்க்காரன் அதைப் பார்த்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடந்திருப்பான்.

எல்லா ஓவியரும் ஊருக்குப் போனார்களா என்றால், இல்லை. ரயில் டிக்கெட் எடுத்தால் கூலி குறைந்துவிடும். பெரும்பாலான படங்கள் துணியில் எண்ணெய் வண்ணத்தில் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ வரையப்பட்டு, சுருட்டி அனுப்பப்பட்டு, வெள்ளீயப் பசை தடவிச் சுவரில் ஒட்டப்பட்டவை. ஊருக்குச் சரியாகப் படாத படம் சுவரேறினால் என்ன ஆகும் என்பதற்கு வாட்டோங்கா போதும்.

கழுதை ஜெயித்த ஊர்

இந்தத் திட்டத்தின் கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஐடஹோ மாநிலத்தின் கெல்லாக். வெள்ளி, ஈயச் சுரங்கங்களின் ஊர். 1939-ல் 48 மாநிலங்களுக்கும் ஒவ்வொரு தபால் ஆபீஸைக் குறித்து ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். ஐடஹோவுக்கு வென்றது ஃபிளெட்சர் மார்ட்டின் வரைந்த மாதிரி. சுரங்கத்தில் அடிபட்ட ஒரு தொழிலாளியை இரண்டு பேர் தூக்குக்கட்டிலில் வெளியே கொண்டுவருகிறார்கள். அவ்வளவுதான் படம்.

சுரங்க நிர்வாகத்தாரும் ஊர் வியாபாரிகளும் குதித்தார்கள். தபால் வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு விபத்தா? ஊருக்குக் கெட்ட பெயர் இல்லையா? தொழிலாளர் சங்கம் எதிர்ப்பக்கம் நின்றது. இதுதான் எங்கள் வாழ்க்கை, இந்தப் படமே வேண்டும் என்றது. வாஷிங்டன் கொஞ்சம் தயங்கிவிட்டு நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தது. மார்ட்டின் வேறு படம் வரைந்தார்: நோவா கெல்லாக் என்ற பழைய தேடலாளர் தன் கழுதையோடு வெள்ளிப் பாறையைக் கண்டுபிடிக்கும் காட்சி. தொலைந்த கழுதையைத் தேடிப் போன இடத்தில் அந்தக் கழுதைதான் தாதுவைக் காட்டிக்கொடுத்தது என்பது அந்த ஊர்க் கதை. 1941-ல் அந்தப் படம் சுவரேறியது. தூக்குக்கட்டில் போய்க் கழுதை வந்தது.

1972 மே 2-ம் தேதி கெல்லாக் பக்கத்தில் உள்ள சன்ஷைன் சுரங்கத்தில் தீப்பிடித்தது. 91 பேர் செத்தார்கள்.

சுவரில் எது வரலாம், எது வரக் கூடாது என்ற சண்டை கெல்லாக்கில் மட்டும் நடந்ததல்ல. தெற்குக் கரோலினாவின் ஏய்க்கன் ஊரில் ஸ்டெஃபன் ஹிர்ஷ் வரைந்த நீதி தேவதையின் தோல் நிறம் கறுப்பாகத் தெரிகிறது என்று புகார் கிளம்பி, நீதிமன்றத்துச் சுவரில் இருந்த அந்தப் படத்தைத் திரை போட்டு மூடினார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் ரின்கான் தபால் நிலையத்தில் ஆன்டன் ரெஃப்ரெஜியர் அந்த நகர வரலாற்றை 27 பகுதிகளாக வரைந்தார். சீனர்களை அடித்து விரட்டிய கலவரம், 1934-ன் துறைமுக வேலைநிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. 1953-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே கூடி, இதை அழிப்பதா வேண்டாமா என்று விசாரணை நடத்தியது. ஓவியம் தப்பித்தது. தபால் நிலையம் இன்று இல்லை, ஓவியம் இருக்கிறது.

நம் பக்கத்து அரண்மனைச் சுவர்

அரசாங்கம் காசு கொடுத்துச் சுவரில் வரையச் சொல்வது ராமநாதபுரத்துக்குப் புதிதல்ல. ரூஸ்வெல்ட்டுக்கு இருநூறு வருடம் முன்பே சேதுபதிகள் செய்தார்கள். ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம். கட்டடம் கிழவன் சேதுபதி காலத்தது. ஓவியங்கள் பெரும்பாலும் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவர், தூண், கூரை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். என்ன காட்சி என்று கீழே எழுத்திலும் குறித்திருக்கிறார்கள்.

ராமாயணமும் கண்ணன் கதையும் உண்டு. ஆனால் அந்தச் சுவரின் நாயகன் சேதுபதிதான். ராஜராஜேஸ்வரி அம்மன் அவருக்குச் செங்கோல் தருகிறாள். மதுரை நாயக்கர் அவருக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. தொப்பியும் கால்சட்டையுமாக ஐரோப்பியர் வந்து அவர் முன் நிற்கிறார்கள். முத்தும் சங்கும் விளையும் கடலுக்குச் சொந்தக்காரரிடம் டச்சுக்காரன் கைகட்டி நிற்பதை அந்தச் சபைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்தப் படம். முத்துக் குளித்தவனின் மூச்சு பற்றி அந்தச் சுவருக்கு அக்கறை இல்லை. அரசன் கட்டிய சபையில் அரசன் முகம் இருப்பது நியாயம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அழகான ஓவியம். மாவட்டத்துக்காரர்களே பாதிப் பேர் உள்ளே போய்ப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அரசன் போய் மக்கள் ஆட்சி வந்த பிறகு சுவரில் யார் முகம் வர வேண்டும்? அமெரிக்காவில் தபால் ஆபீஸ்கள் வண்ணமேறிக்கொண்டிருந்த அதே சமயத்தில், 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. காந்தி கேட்டுக்கொண்டதால் நந்தலால் போஸ் அந்தப் பந்தலுக்குப் படங்கள் வரைந்தார். மத்தளம் அடிப்பவர், தையல்காரர், தச்சர், தானியம் குற்றும் பெண் என்று அத்தனையும் கைத்தொழில் செய்யும் மனிதர்கள். ஓலைப் பந்தலில் தொங்கிய அந்தப் படங்களைக் கிராமத்து ஜனம் நின்று பார்த்தது. விடுதலைக்குப் பிறகு பாராளுமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் சுவரோவியம் வைக்கும் யோசனை மக்களவைத் தலைவர் மாவலங்கர் காலத்தில் எழுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவை பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தின் வரிசையில் போகின்றன. தையல்காரர் அந்தத் தாழ்வாரம்வரை வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் சுவர் என்றால் முதலில் அரசியல் கட்சிதான். இந்தச் சுவர் இன்ன கட்சிக்கு, இன்ன வருடம்வரை என்று வெள்ளையடித்து எழுதிவைத்து ரிசர்வேஷன் செய்யும் வழக்கம் வேறெங்காவது இவ்வளவு ஒழுங்காக நடக்குமா தெரியவில்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. சட்டமும் இருந்தது, சுவரும் நிறைந்தது. 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று தடுத்து, அந்த இடத்தில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னது. வரைய வந்தவர்கள் யார்? சினிமா பேனர் வரைந்து பிழைத்த ஓவியர்கள். ஃபிளக்ஸ் பிரின்டிங் வந்து ஒரு சில வருடத்தில் அவர்கள் தொழிலைச் சாய்த்துவிட்டது. வேலையிழந்த ஓவியனுக்கு அரசாங்கச் சுவரைக் கொடுப்பது என்ற அந்த அளவில் அது ஒரு குட்டி ரூஸ்வெல்ட் திட்டம்தான். யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. வரைந்தவை என்னவோ கோபுரம், பரதம், ஜல்லிக்கட்டு என்று சுற்றுலாத் துறைக் காலண்டரில் வருபவை. அந்தச் சாலையில் இருக்கும் டீக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ சுவருக்குள் போகவில்லை.

அதைவிட ஒரு படி மேலே போனது கண்ணகி நகர். சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் குடியிருப்பு. 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில், மாநகராட்சியின் சம்மதத்தோடு ஒரு கலை அமைப்பு பெரும் ஓவியங்களை ஏற்றியது. அதில் அந்தக் குடியிருப்பின் பிள்ளைகளின் முகங்களும் இருந்தன. குழாயில் தண்ணி வராத இடத்தில் சுவருக்கு வண்ணம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியை எழுப்பியதும் அந்த வண்ணம்தான்.

மாரியூரில் எந்தச் சுவர்?

சாயல்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது மாரியூர். பனங்காடு, சீமைக் கருவேல முள், கண்ணைக் கூசவைக்கும் உப்பளம், அதற்கப்புறம் கடல். அமெரிக்க ஓவியன் ஒருவன் இந்த ஊருக்கு வந்து, உங்கள் ஊரின் கதை என்ன, தொழில் என்ன என்று போஸ்ட் மாஸ்டரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

கதை கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். பூவேந்தியநாதர் கோயில். திருவிளையாடலில் வரும் வலை வீசிய படலம் எங்கள் கரையில்தான் நடந்தது என்பார்கள். சிவன் வேதம் சொல்லும்போது கவனம் சிதறிய பார்வதி, மீனவர் மகளாகப் பிறக்கச் சாபம் பெறுகிறாள். நந்தி சுறாவாகக் கடலில் இறங்கி வலையைக் கிழிக்கிறது, படகைக் கவிழ்க்கிறது. அதைப் பிடிக்கிறவனுக்கு என் மகளைத் தருவேன் என்கிறார் மீனவர் தலைவர். சிவன் ஒரு இளவட்ட மீனவனாக வந்து, வலை வீசிச் சுறாவைப் பிடித்து, பெண்ணைக் கைப்பிடிக்கிறார். சித்திரைத் திருவிழாவில் இங்கே கடலில் இறங்கி வலை வீசி இந்தக் காட்சியை இன்றும் நடத்துகிறார்கள்.

கெல்லாக்கில் பழங்கதை ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று ஊர் இரண்டுபட்டது. மாரியூரில் அப்படிப் பிரிக்க முடியாது. இங்கே பழங்கதையின் நாயகனே தொழிலாளி. கடவுள் வலையோடு வந்தால்தான் இந்தக் கடற்கரையில் பெண் கிடைக்கும். இதை வரையும் ஓவியருக்கு உள்ள ஆபத்து வேறு: காலண்டர் சிவனுக்குக் காலண்டர் வலையைக் கொடுத்துவிடுவார். ஊர்க்காரர் நிமிர்ந்து பார்த்ததும் கேட்கப்போவது சிவனின் முகத்தைப் பற்றி இருக்காது. வலை என்ன வலை? கரைவலையா, வீச்சு வலையா? நிற்பது வல்லமா, வத்தையா? சுறாவுக்கு அந்த நூல் தாங்குமா? ரெட் பேர்ட் கேட்ட அதே ரகக் கேள்விகள்.

தொழிலைக் கேட்டால் மீனுக்கு அடுத்து உப்பு. தமிழ்நாடு அரசு 1974-ல் உப்புக் கழகம் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் உப்பளம் மாரியூர், வாலிநோக்கம் கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது. 2014-ல் அம்மா உப்பு என்ற பெயரில் பாக்கெட்டில் வந்ததும் இந்தக் கழகத்தின் உப்புதான். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுக் குழம்பில் வாலிநோக்கத்து வெயில் கலந்திருக்கிறது என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியாது.

உப்பு தானாக விளைவதுபோலத் தோன்றும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, நீரின் செறிவு போமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போது படிகம் விழத் தொடங்கும். அதைப் பலகையால் வாரி, கரையில் குவித்து, அம்பாரமாக ஏற்ற வேண்டும். வாருவதிலும் சுமப்பதிலும் பாதிக்கு மேல் பெண்கள். விடியுமுன்னே இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் கரையேறலாம். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. வெள்ளைப் பரப்பின் கூச்சம் கண்ணைத் தின்னும். ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும்.

இந்தப் பெண்களுக்குப் படலம் கிடையாது. எந்தக் கடவுளும் உப்பு வாருகிறவளாக வந்ததாகக் கதை இல்லை, அவளுக்குத் திருவிழாவும் இல்லை. கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களாவது இந்த மாவட்டத்தில் போராடிப் பத்திரிகையில் படம் வரப்பெற்றார்கள். உப்பளப் பெண் படம் எடுக்கப்பட்டால் அது வெள்ளைக் குவியலுக்கு முன் ஒரு கறுப்பு உருவமாக, முகம் தெரியாமல், புகைப்படப் போட்டிக்குப் போகிறது.

தபாலின் கதை கேட்டால் அதுவும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது, வேறெங்கும் இல்லாத அளவுக்கு. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை போட் மெயில் ரயில் போனது. கடிதமூட்டை அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போகும். 1964 டிசம்பர் 22 இரவின் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. அங்கே இடிந்து நிற்கும் சுவர்களில் ஒன்று தபால் ஆபீஸுடையது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாவட்டத்தில் ஜனங்கள் விரும்பி நின்று பார்க்கும் ஒரே தபால் ஆபீஸ் சுவர் அதுதான் போல.

இனி நடைமுறைக்கு வருவோம். அமெரிக்கத் திட்டம் ஓடியதற்குக் காரணம் புதுக் கட்டடம். நம்முடைய நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தபால் ஆபீஸ் உண்டு, உலகத்திலேயே அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள். கிராமிய அஞ்சல் ஊழியர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலோ வாடகை அறையிலோ நடத்துவது. இடத்தை அவரேதான் ஏற்பாடு செய்ய வேண்டும். முதியோர் பணம் வாங்க வருகிற பாட்டி தலைநிமிர்ந்தால் தெரிவது அவர் வீட்டுக் காலண்டரும் கல்யாணப் படமும்தான். சுவரே சொந்தமில்லாத துறையிடம் சுவரோவியம் கேட்பது வீண்.

ஆகவே சுவரை வேறு இடத்தில் தேட வேண்டும். ரேஷன் கடைக்குச் சுவர் உண்டு. ஊராட்சி அலுவலகத்துக்கு உண்டு. புயல் பாதுகாப்பு மையங்களுக்குப் பெரிய பெரிய சுவர்கள் உண்டு, வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. தமிழக அரசு பொதுப்பணித் துறை மூலம் கட்டும் ஒவ்வொரு கட்டடத்திலும் செலவில் ஒரு சதவீதம் வேண்டாம், அரை சதவீதம் கலைக்கு என்று எழுதிவைத்தால் போதும். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் நடத்திப் பட்டம் கொடுத்து அனுப்புகிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே முதல் சுவரைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

கடற்கரைச் சுவருக்கு இன்னொரு சிக்கல் உவர். அடிமண்ணிலிருந்து ஈரம் ஏறி, காய்ந்து, உப்பு பூத்துக் காரையைத் தள்ளும். அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்து வரைந்தால் இரண்டு மழைக்குப் பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். கடலோரப் பள்ளிக்கூடச் சுவர்களில் மூக்கில்லாத பாரதியாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க வழியே இங்கே நல்லது. பலகையிலோ துணியிலோ வரைந்து, சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி மாட்டிவிடலாம். ஆனால் சென்னையில் உட்கார்ந்து வரைந்து லாரியில் அனுப்பக் கூடாது. ஒரு பருவமாவது ஊரில் தங்க வேண்டும். பாத்தி கட்டும் தை மாதத்தில் வந்தால் சித்திரையில் வலை வீசுவதையும் பார்த்துவிடலாம்.

மாதிரிப் படம் தயாரானதும் அதைக் கோயில் மண்டபத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ பத்து நாள் தொங்கவிட வேண்டும் என்பது என் யோசனை. உறையைப் பிரிக்காமல், வரைந்தவர் பெயர் தெரியாமல். அப்போது என்ன நடக்கும் என்பதைக் கற்பனை செய்ய அதிகம் சிரமப்பட வேண்டாம். வலையைத் திருத்தச் சொல்வார்கள். சாமி மீனவராக இருப்பதால் எங்கள் தெருப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பார்கள். அந்தச் சாதிக்காரரை எப்படி நடுவில் வைத்தீர்கள் என்று இன்னொரு தெரு கேட்கும். கட்சிக் கொடி நிறம் புடவையில் வந்துவிட்டதா என்று ஒன்றியச் செயலாளர்கள் உற்றுப் பார்ப்பார்கள். உப்பு வாரும் பெண்ணின் வெடித்த காலை வரைந்திருந்தால் அதிகாரிகளில் யாராவது ஒருவர், இதெல்லாம் எதற்கு, சிரித்த முகமாகப் போடலாமே என்பார். அந்தச் சிரித்த முகத்தைத்தான் நம் அரசாங்கச் சுவர்கள் எல்லாமே காலம் காலமாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

கெல்லாக்கில் தூக்குக்கட்டில் படத்துக்காகப் பேச ஒரு தொழிற்சங்கம் இருந்தது, தோற்றாலும் அது பேசியது. மாரியூரில் மீனவருக்காகக் கடவுளே பேசுகிறார். உப்பு வாருகிறவளுக்காக யார் பேசுவார் என்பது அந்தப் பத்து நாளில்தான் தெரியும்.

முதல் சுவராக நான் கேட்பது தமிழ்நாடு உப்புக் கழகத்தின் வாலிநோக்கம் வளாகச் சுவரை. உப்பு அரசாங்கத்துடையது, சுவரும் அரசாங்கத்துடையது, வாருகிறவர்களுக்குக் கூலி கொடுப்பதும் அதுதான். மனுக் கொடுத்தால் கிடைக்காது என்கிறீர்களா? கொடுத்துவிட்டு மறுப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் போடுங்கள். கெல்லாக்கில் யார் எந்தப் படத்தை ஏன் மறுத்தார்கள் என்று எண்பது வருடம் கழித்து நாம் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், போஸ்ட் மாஸ்டரும் சங்கமும் நிர்வாகமும் எழுதிய கடிதங்களை வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாகக் கட்டி வைத்திருப்பதுதான்.